தாடை மூட்டு வலிக்கு ஊசின்னு சொன்னா, எந்த ஊசின்னு கேளுங்க

எங்க அக்காவுக்கு அஞ்சாறு வருஷமா வாயைத் திறந்தா வலது காதுக்குப் பக்கத்துல "டக்"னு ஒரு சத்தம் வரும். பக்கத்துல உக்காந்து சாப்பிடறவங்களுக்கே கேக்கும். வலி பெருசா இல்லாததால யாரும் அதைக் கண்டுக்கல. போன வருஷம் ஒருநாள் காலைல அந்தச் சத்தம் நின்னுபோச்சு, அப்பாடா சரியாயிடுச்சுன்னு நினைச்சவ இட்லியை வாய்ல வைக்கப் போனப்பதான் பாத்தா, ரெண்டு விரல் அளவுக்கு மேல வாய் திறக்கவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் ஒரு மூணு மாசம் நாங்க அலைஞ்ச அலைச்சல்ல "ஊசி போட்டா சரியாயிடும்"னு எத்தனை பேர் சொன்னாங்கன்னு கணக்கே இல்ல. ஒருத்தர் போட்டாக்ஸ்னாரு, இன்னொருத்தர் ஸ்டீராய்டுன்னாரு, இன்னொருத்தர் ரத்தத்தை எடுத்து சுத்தவிட்டு அதையே திரும்பப் போடுவாங்கன்னாரு. எல்லாத்துக்கும் பேரு ஊசி, ஆனா உள்ள இருக்கற மருந்தும் அது போற இடமும் சுத்தமா வேற வேற. அப்ப எங்களுக்கு யாராவது இதை உக்கார வச்சு சொல்லிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு தோணிட்டே இருக்கு, அதான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அக்கா கூடவே போய் கேட்டு, படிச்சு தெரிஞ்சுக்கிட்டதுதான் எல்லாம்.

முதல்ல அந்த மூட்டு எங்க இருக்குன்னு தொட்டுப் பாத்துருங்க. காது ஓட்டைக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கும்ல, அதுக்கு முன்னால விரல வச்சு வாயை மெதுவா திறந்து மூடுங்க, விரலுக்கு அடியில உருண்டையா ஒண்ணு நகரும். அதுதான் கீழ்த்தாடையோட தலை. அது மண்டை ஓட்டுல இருக்கற ஒரு பள்ளத்துல உக்காந்திருக்கு, ரெண்டும் சேர்ற இடம்தான் தாடை மூட்டு. உடம்புல மத்த மூட்டுங்க மாதிரி இல்லாம இது ரெண்டு வேலை பாக்குது. வாயை ஓரளவு திறக்கற வரைக்கும் கதவுக் கீல் மாதிரி சுத்தும், அதுக்கு மேல திறக்கணும்னா பீரோ டிராயர் மாதிரி முன்னாடி வழுக்கிட்டு வரணும். அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு சின்ன டிஸ்க் இருக்கு, மெத்தை மாதிரி. அந்த டிஸ்க் மூட்டை மேல் அறை கீழ் அறைன்னு ரெண்டா பிரிச்சிடுது, ரெண்டு அறையிலயும் வழவழப்பா கொஞ்சூண்டு திரவம் இருக்கும். இந்த மேல் அறைங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க, மூட்டுக்குள்ள போடற ஊசில பாதிக்கு மேல அங்கதான் போகுது.

டிஸ்க் கொஞ்சம் முன்னாடி நழுவிட்டா, வாய் திறக்கும்போது எலும்போட தலை அது மேல ஏறிக் குதிக்கும், அதுதான் அந்த டக் சத்தம். வலி இல்லாம, திறக்கறதுல தடை இல்லாம வெறும் சத்தம் மட்டும்னா வைத்தியமே வேண்டாம்னுதான் சொல்றாங்க, நிறைய பேருக்கு இருக்கு. ஆனா எங்க அக்காவுக்கு ஆன மாதிரி திடீர்னு சத்தம் நின்னு வாயும் திறக்கலன்னா, அது குணமானதுக்கு அடையாளம் கிடையாது, தலை இனிமே டிஸ்க் மேல ஏறவே முடியாம வழியிலயே முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். சாதாரணமா ஒருத்தருக்கு வாய் 40லேருந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும் திறக்கும். அவங்கவங்க கையோட நடு மூணு விரலை செங்குத்தா அடுக்கி முன்பல்லுக்கு நடுவுல விட முடியுதான்னு பாத்தா வீட்லயே தெரிஞ்சிடும்.

இது மூட்டு. இதைத் தவிர தசைன்னு ஒண்ணு இருக்கு, இதுதான் பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. பல்லை நறுக்குனு கடிச்சுப் பாருங்க, கன்னத்துல ஒண்ணு புடைக்கும், அது மாசெட்டர். நெத்திப்பொட்டுல கை வச்சு கடிச்சா அங்கயும் ஒண்ணு துடிக்கும், அது டெம்பொராலிஸ். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறவங்க, டென்ஷன்ல பல்லை இறுக்கிக்கிட்டே வேலை பாக்கறவங்க, இவங்களுக்கு வர்ற தாடை வலி பெரும்பாலும் இந்தத் தசை வலிதான், மூட்டு நல்லா இருக்கும். இன்னொரு விஷயம், இந்தத் தசைல இருக்கற வலி பல்லு வலி மாதிரியே நடிக்கும். மாசெட்டர்ல முடிச்சு விழுந்தா கடவாய்ப் பல்லு வலிக்கும், டெம்பொராலிஸ்ல விழுந்தா மேல் பல்லுங்க கூசும். அக்காவுக்கு முதல்ல ஒரு இடத்துல நல்லா இருந்த பல்லுக்கு ரூட் கேனால் பண்ணிட்டாங்க, பண்ணி முடிச்சும் வலி அப்படியே இருந்துச்சு. அந்தப் பல்லோட உயிர் திரும்ப வராது. இன்னிக்கும் அதை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. பல்லுல சொத்தையோ விரிசலோ எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, ஆனா வலிக்குதுன்னா, கன்னத்துத் தசையை அழுத்திப் பாருங்க டாக்டர்னு தைரியமா கேளுங்க.

ஆக வலியோட வீடு மூணு. தசை, மூட்டுக்குள்ள, அப்புறம் மூட்டோட கட்டு தளர்ந்து கொட்டாவி விட்டாலே தாடை கழண்டுக்கற கேஸ். எந்த வீடுன்னு தெரியாம போடற ஊசி எவ்வளவு விலை கொடுத்து வாங்குன ஊசியா இருந்தாலும் வீண். இப்ப ஒவ்வொண்ணா பாக்கலாம்.

தசைக்குப் போடறதுல ரொம்ப எளிமையானது டிரிகர் பாயின்ட் ஊசி. தசைல விரலால தேடுனா மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு இடம் தட்டுப்படும், அழுத்துனா உயிர் போகும், வேற எங்கயோ போய் வலிக்கும். அந்த இடத்துல பல்லுக்கு மரத்துப்போக போடறாங்களே அதே லிக்னோகைன் மருந்தைக் கொஞ்சமா போடறதுதான் இது. சிலர் மருந்தே இல்லாம வெறும் ஊசியைக் குத்தி எடுப்பாங்க, அதுக்கு டிரை நீடிலிங்னு பேரு. இந்த முடிச்சுங்களை வரைபடமா வரைஞ்சு, எங்க அழுத்துனா எங்க வலிக்கும்னு விளக்குனது ஜானெட் டிராவெல்ங்கற அமெரிக்க டாக்டரம்மா, இவங்கதான் ஜான் கென்னடி ஜனாதிபதியா இருந்தப்ப வெள்ளை மாளிகை டாக்டர். ஊசி போட்ட கையோட தசையை நீட்டி இழுக்கற பயிற்சி பண்ணணும், அதைப் பண்ணலன்னா முடிச்சு திரும்ப வந்துரும்.

தசைக்கே போடற இன்னொண்ணு போட்டாக்ஸ். இது பேரைக் கேட்டதும் முகச்சுருக்கத்துக்குப் போடறதாச்சேன்னு எல்லாரும் முழிப்பாங்க. கெட்டுப்போன சாப்பாட்டுல வளர்ற ஒரு பாக்டீரியாவோட விஷம்தான் இதோட மூலம். 1820கள்ல ஜெர்மனில யுஸ்டினஸ் கெர்னர்னு ஒரு டாக்டர், கெட்டுப்போன சாஸேஜ் சாப்பிட்டு தசை செயலிழந்து செத்தவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, இந்த விஷத்தையே கொஞ்சூண்டு மருந்தா கொடுக்கலாமேன்னு அப்பவே எழுதி வச்சாரு. அதை நிஜமாக்குனது ஆலன் ஸ்காட்னு சான் பிரான்சிஸ்கோ கண் டாக்டர், மாறுகண்ணுக்குப் போட்டு 1980ல ரிசல்ட்டை வெளியிட்டாரு, 1989ல அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் கண் இமை துடிப்புக்கும் அனுமதி கொடுத்துச்சு. வேலை எப்படின்னா, நரம்பு தசைக்கு "இறுக்கு"ன்னு சொல்றதுக்கு ஒரு ரசாயனத்தைக் கொட்டும், அது வெளிய வராம இது பூட்டிடும். ஆர்டர் வரலன்னா தசை எப்படி இறுகும். போட்ட அன்னிக்கே ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சு ஆரம்பிக்கும், ரெண்டு மூணு வாரத்துல நல்லாத் தெரியும், மூணு நாலு மாசத்துல தேய்ஞ்சு போயிடும், அப்புறம் திரும்பப் போடணும்.

போட்டாக்ஸ் பத்தி எனக்கு ஒரு தயக்கம் இருக்கு, அதை மறைக்க விரும்பல. தாடை வலிக்குன்னு இதுக்கு அமெரிக்காவுல அரசு அனுமதி இன்னும் கிடையாது, அனுமதி இருக்கறது வேற நோய்களுக்குத்தான், டாக்டருங்க அவங்க அனுபவத்துல இதுக்கும் போடறாங்க. அது சட்டப்படி தப்பு இல்ல, உலகம் பூரா நடக்கறதுதான், ஆனா நமக்குச் சொல்லிட்டுப் போடணும். கொஞ்ச நாளைக்கு சிக்கன், கரும்பு எல்லாம் மெல்ல பலம் பத்தாது, மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவுனா சிரிப்பு ஒரு பக்கமா கோணலாத் தெரியும், இதெல்லாம் தானா சரியாயிடும். அதைவிட யோசிக்க வேண்டியது, திரும்பத் திரும்பப் போட்டு தசை வேலையே செய்யாம இருந்தா தாடை எலும்போட அடர்த்தி குறையுமோங்கற கேள்வி. மிருகங்கள்ல குறைஞ்சதைப் பாத்திருக்காங்க, மனுஷங்கள்ல இன்னும் ஒரு முடிவுக்கு வரல. கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க, மயஸ்தீனியா மாதிரி நரம்பு தசை நோய் இருக்கறவங்களுக்கு இது வேண்டாம்.

இப்ப மூட்டுக்குள்ள போறது. அக்காவுக்குப் பண்ணது இதுல ஒண்ணுதான், ஆர்த்ரோசென்டெசிஸ், ஆஸ்பத்திரில எல்லாரும் "வாஷ்"னே சொல்றாங்க. 1991ல டோரிட் நிட்சான்னு ஒரு இஸ்ரேல் டாக்டரம்மாவும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் சேர்ந்து இதை முதன்முதலா எழுதுனாங்க, அதுக்கு முன்னாடி இந்த மாதிரி பூட்டிக்கிட்ட தாடைக்கு மூட்டைத் திறந்து ஆபரேஷன், இல்லன்னா உள்ள கேமரா விட்டுப் பாக்கறதுன்னு பெரிய பெரிய வேலையாத்தான் இருந்துச்சு. இவங்க பண்ணது ரெண்டே ரெண்டு ஊசி. காதுக்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போட்டுட்டு, மேல் அறைக்குள்ள ஒரு ஊசியை இறக்கி திரவத்தை ஏத்தறது, பக்கத்துல இன்னொரு ஊசியை இறக்கி அது வழியா வெளிய விடறது. டிரிப்ல ஏத்தறாங்களே ரிங்கர் லாக்டேட், அதேதான். 100 மில்லிக்கு மேல, சிலர் 200, 300 மில்லி வரைக்கும் விட்டு அலசுவாங்க. நடுநடுவுல வெளிய போற ஊசியை விரலால அடைச்சு உள்ள பிரஷர் ஏத்தி, தாடையை டாக்டரே ஆட்டி இழுத்து திறந்து பாப்பாரு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு அங்க இருந்த டாக்டர் அக்காவுக்குச் சொன்னதை மறக்கவே முடியல. எவர்சில்வர் டம்ளர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க, தண்ணி ஊத்தி ஆட்டுவீங்கல்ல, அதேதாம்மா இதுன்னாரு. டிஸ்க் மேல இருக்கற பள்ளத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும்போது திரவத்தோட அழுத்தம் அந்த ஒட்டலை விடுவிக்குது, கூடவே வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கற ரசாயனங்களை அடிச்சுட்டுப் போயிடுது. ஆச்சரியம் என்னன்னா, வாஷுக்கு அப்புறம் ஸ்கேன் எடுத்தா டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது பெரும்பாலும், நழுவுன இடத்துலயேதான் இருக்கும், ஆனாலும் வாய் திறக்கும், வலி குறையும். டிஸ்க்கை இடத்துல உக்கார வைக்கறோம்னு யாராவது வாக்கு கொடுத்தா கொஞ்சம் யோசிங்க. அக்காவுக்கு முழு மயக்கம் கொடுக்கல, அரைமணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. வெளிய வந்தப்ப கன்னம் உப்பியிருந்துச்சு, வலது கண்ணைச் சரியா மூட முடியல, எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. அது மரத்துப்போற மருந்து முக நரம்பு வரைக்கும் பரவுனதாலயாம், சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுச்சு. முன்னாடியே சொல்லி வச்சிருந்தா அவ்வளவு பயந்திருக்க மாட்டோம், அதான் உங்களுக்குச் சொல்றேன்.

வாஷ் முடிஞ்ச கையோட அதே ஊசி வழியா ஹயலூரானிக் ஆசிட் போடறது உண்டு, தனியாவும் போடுவாங்க. நம்ம மூட்டு திரவத்துல இயற்கையாவே இருக்கற வழவழப்புப் பொருள்தான் அது, 1934ல மாட்டுக் கண்ணுலேருந்து முதல்ல பிரிச்சு எடுத்தாங்க. முழங்காலுக்குப் போடற ஜெல் ஊசின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதே மருந்து, ஆனா தாடை மூட்டு சின்னதுங்கறதால ஒரு மில்லி போட்டாலே அதிகம். தேய்மானம் இருக்கறவங்களுக்கு வாஷோட சேர்த்து சில ஊசி போட்டுப் பாக்கறாங்க. இங்க ஒரு குழப்பம் நம்ம ஊருக்காரங்களுக்கு முக்கியமானது. பாக்கு, குட்கா, மாவான்னு வருஷக்கணக்கா போடறவங்களுக்கு கன்னத்து உள்பக்கம் நார் மாதிரி இறுகி வாய் திறக்காம போகும், அது தாடை மூட்டுப் பிரச்சினையே இல்ல, சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு வேற நோய், புற்றுநோயா மாற வாய்ப்பு இருக்கறது. அதுக்குக் கன்னத்துக்குள்ள போடற ஊசில ஹயலூரானிடேஸ்னு ஒண்ணு இருக்கும். பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதான், வேலை நேர் எதிர். ஹயலூரானிக் ஆசிட் வழவழப்பு கொடுக்கறது, ஹயலூரானிடேஸ் அதையே கரைக்கறது. காரம் பட்டாலே வாய் எரியுது, கன்னம் உள்ள வெளுத்து இறுகியிருக்குன்னா மூட்டு ஊசியைத் தேடிப் போகாம முதல்ல பாக்கை நிறுத்திட்டு அந்த நோய் இருக்கான்னு டெஸ்ட் பண்ணப் போங்க.

ஸ்டீராய்டு ஊசிக்கு வருவோம். மூட்டுக்குள்ள நிஜமாவே வீக்கம் இருந்து, முடக்குவாதம் மாதிரி நோயால சூடு பிடிச்சிருந்தா இது வேகமா அடக்கும். ஆனா இதைத் திரும்பத் திரும்பப் போட்டா எலும்பு மேல இருக்கற குருத்தெலும்பே அரிச்சுப் போகும், அதனால ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கற டாக்டர்தான் நல்ல டாக்டர்னு நான் நினைக்கறேன். வளர்ற பசங்களுக்கு ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா தாடை வளர்ச்சியோட மையமே அந்த மூட்டுலதான் இருக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு ஊசி போட்ட சில நாளைக்கு சுகர் ஏறும், அதை முன்னாடியே சொல்லிடுங்க.

பிஆர்பின்னு சொல்றதுதான் அந்த ரத்தம் எடுத்து சுத்தவிடற ஊசி. நம்ம ரத்தத்தை எடுத்து மெஷின்ல சுத்துனா சிவப்பு அணு கீழ படிஞ்சிடும், பிளேட்லெட் நிறைய இருக்கற மஞ்சள் பகுதியைத் தனியா எடுத்து மூட்டுக்குள்ள போடுவாங்க, பிளேட்லெட்ல இருக்கற வளர்ச்சிக் காரணிகள் ஆற வைக்கும்ங்கறது எண்ணம். சில ஆய்வுல நல்லாத்தான் வந்திருக்கு. என்ன பிரச்சினைன்னா ஒவ்வொரு கிளினிக்லயும் சுத்தற வேகம் வேற, எடுக்கற அளவு வேற, அதனால ஒரு இடத்து ரிசல்ட்டை வச்சு இன்னொரு இடத்தை எடை போட முடியாது.

கடைசியா தளர்ந்த மூட்டு. கொட்டாவி விட்டா, பெருசா சிரிச்சா தாடை கழண்டு வாய் மூட முடியாம போறவங்களுக்கு மேல சொன்னதுல பெரும்பாலானது பெருசா உதவாது, இவங்களுக்கு மூட்டைக் கொஞ்சம் இறுக்கணும். 1937லயே லூயிஸ் ஷுல்ட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் மூட்டுக்குள்ள எரிச்சல் உண்டாக்கற மருந்தைப் போட்டு, அது ஆறும்போது கட்டு இறுகுதுன்னு எழுதிருக்காரு. இப்ப அதுக்கு அடர்த்தியான குளுக்கோஸ் தண்ணி போடறாங்க, டெக்ஸ்ட்ரோஸ், புரோலோதெரப்பின்னு பேரு, செலவும் ரொம்பக் கம்மி. இன்னொரு வழி, கைலேருந்து ஒரு மூணு மில்லி ரத்தம் எடுத்து அப்படியே மூட்டுக்குள்ளயும் சுத்தியும் போட்டு, தலையைச் சுத்தி பேண்டேஜ் கட்டி வாயை அதிகம் திறக்காம வச்சிருக்கறது. ரத்தம் உறைஞ்சு ஆறும்போது மூட்டு இறுகும். ஆபரேஷனைத் தவிர்க்க நல்ல வழி இது.

இவ்வளவும் சொன்னேன்ல, இப்ப நான் சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 2023 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, நாள்பட்ட தாடை வலிக்கு எது பண்ணலாம் எது வேண்டாம்னு ஒரு பெரிய குழு வழிகாட்டி போட்டுச்சு. நாள்பட்டதுன்னா மூணு மாசத்துக்கு மேல. அதுல பலமா சிபாரிசு பண்ணதெல்லாம் தாடைப் பயிற்சி, கழுத்து நிமிர்ந்து உக்கார்ற பயிற்சி, பிசியோ கையால தசையை நீவி விடறது, மூட்டை மெல்ல அசைச்சு விடறது, வலியைப் பத்தி யோசிக்கற, நடந்துக்கற விதத்தை மாத்திக்கப் பேசிப் பழக்கற சிபிடிங்கற மனசுக்கான தெரப்பி, அப்புறம் பயப்படாதீங்கன்னு விளக்கிச் சொல்றது. போட்டாக்ஸ், ஹயலூரானிக் ஆசிட், ஸ்டீராய்டு, டிரிகர் பாயின்ட் ஊசி, வாஷ் இதெல்லாம் "பொதுவா வேண்டாம், ஆள் பாத்து முடிவு பண்ணுங்க"ங்கற பக்கத்துல போட்டுட்டாங்க, காரணம் பலன் உறுதியா நிரூபணம் ஆகல, செலவும் பக்கவிளைவும் இருக்கு. பல்லை அராவி மேல் பல்லும் கீழ் பல்லும் சேர்ற விதத்தை மாத்தற மாதிரி, டிஸ்க்கையே வெட்டி எடுக்கற மாதிரி திரும்ப சரிபண்ண முடியாத வேலைங்களை விட்டு விலகியே நில்லுங்கங்கறதுதான் நானும் சொல்வேன். அப்ப அக்காவுக்கு வாஷ் பண்ணது தப்பான்னு நானே யோசிச்சேன். அவளுக்கு வெறும் வலி இல்ல, வாய் பூட்டிக்கிட்டு இருந்துச்சு, ஆறு வாரம் பிசியோ போயும் நகரல, அதுக்கப்புறம்தான் பண்ணாங்க. அந்த வரிசைதான் எனக்குச் சரின்னு படுது, முதல் நாளே ஊசியை எடுத்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

ஊசிக்கும் முன்னாடி வீட்ல பண்ண வேண்டியது நிறைய இருக்கு. முறுக்கு, சீடை, சிக்கி, சூயிங்கம் எல்லாம் கொஞ்ச நாள் ஓரங்கட்டிட்டு குழைஞ்ச சாதம், இடியாப்பம்னு இருங்க. கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கையை முட்டுக் கொடுங்க. சும்மா இருக்கும்போது உதடு மூடி, பல்லும் பல்லும் ஒட்டாம, நாக்கு மேலண்ணத்துல லேசா தொட்டுட்டு இருக்கணும், பகல்ல பல்லு பல்லோட உரசறதே சாப்பிடும்போது மட்டும்தான் இருக்கணும். வெந்நீர் ஒத்தடம் தசை வலிக்கு நல்லா கேக்கும். இதை ஒழுங்கா பண்ணாலே பெரும்பாலானவங்களுக்கு ஊசி வரைக்கும் போகவே வேண்டியிருக்காது.

சிலதுல மட்டும் காத்திருக்கக் கூடாது. தாடை வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, இடது கை வலின்னா அது மாரடைப்பா இருக்கலாம், நேரா எமர்ஜென்சி. 50 வயசுக்கு மேல, மெல்லும்போது தாடை வலிச்சு, நெத்திப்பொட்டுல புதுசா தலைவலி, கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா அது ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம், அன்னிக்கே காட்டணும், விட்டா பார்வையே போயிடலாம். காயம் பட்டு கொஞ்ச நாள்ல தாடை இறுகுனா டெட்டனஸ் நினைப்பு வரணும்.

டாக்டர் ஊசின்னு சொன்னா கேக்க வேண்டியதைக் கேளுங்க. எனக்கு வலி தசையிலயா மூட்டுலயா, சிரிஞ்சுல என்ன மருந்து, இதை எத்தனை தடவை போடணும், போடாம விட்டா என்ன ஆகும், நீங்க மாசத்துக்கு எத்தனை பேருக்குப் போடறீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதை முதல்லயே சொல்லிடணும், தானா நிறுத்தவும் கூடாது. யாரைப் பாக்கறதுன்னு தெரியலன்னா, ஓரல் சர்ஜனோ ஓரல் மெடிசின் டாக்டரோ இருக்கற இடமா போங்க, சென்னைல அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல அந்தத் துறைங்க இருக்கு.

வாஷுக்கு அப்புறம் அக்காவுக்கு டாக்டர் கொடுத்த பெரிய மருந்தே ஒரு கட்டு ஐஸ் குச்சிதான். பல்லுக்கு நடுவுல எத்தனை குச்சி அடுக்கி விட முடியுதுன்னு தினமும் எண்ணணும், வாரத்துக்கு ஒண்ணு கூட்டப் பாக்கணும். பூட்டிக்கிட்டு இருந்தப்ப 13 குச்சி. வாஷ் பண்ண மறுநாள் 16. மூணு மாசம் காலைலயும் ராத்திரியும் விடாம பண்ணா, நடுவுல வலிச்சு அழுத நாளும் உண்டு. போன வாரம் எண்ணுனப்ப 21.